மூச்சு விடாமல் ஒரு ஊர்

மதிவதனி: ஞானம்மா! வாசல்ல தொங்கற தண்டவாளத் துண்டை யாரோ அடிக்கிறாங்க, கேக்குதா? சீக்கிரம் ஒரு தட்டு எடுத்து வை!

ஞானம்மாள்: காது இன்னும் கீதுடி எனக்கு. இன்னா அடி அடிக்குது அந்தப் புள்ள! நீ போய்க் கதவைத் தொற. பேரை மட்டும் கேட்டுடாதே.

மதிவதனி: எனக்கே பாடம் சொல்றியா நீ? வந்துட்டேன்... வந்துட்டேன்... உள்ள வா கண்ணு, சாப்டியா... ஐயையோ! ஸ்ரீநாத் சாரா!

ஸ்ரீநாத்: ஸாரி மேடம். கரண்ட் இல்ல போல. காலிங் பெல் அடிக்கல.

மதிவதனி: கரண்ட் கீதே சார். மேல பாருங்க, ஃபேன் சுத்துது.

ஸ்ரீநாத்: அப்ப பெல் ரிப்பேரா இருக்கும்.

மதிவதனி: மொதல்ல பெல்லுல கை வெச்சீங்களா?

ஸ்ரீநாத்: அது... இந்த இரும்புதான் கண்ணுல பட்டுது. பக்கத்துலயே கல்லும் இருந்துச்சு.

மதிவதனி: நல்லா பட்டுது போங்க. போக எடம் இல்லாம வர்ற புள்ளைங்க அடிக்கிற மணி சார் அது. போர்டு மெம்பரே அடிச்சா, நான் உங்களுக்குப் பாய் போடறதா, நாற்காலி போடறதா?

ஸ்ரீநாத்: நாற்காலி போதும். மீட்டிங் அஞ்சு மணிக்குத்தானே? மனோகரன் சார் வந்துட்டாரா?

மதிவதனி: தலைவரு குமணன்சாவடி சிக்னல்ல மாட்டிகினு கீறாராம். அங்கதான் என் பேனர் வெச்சிருக்காங்க, பாத்தீங்களா? 'கூரை இல்லத்தின் விளையாட்டுத் தூதர் மதிவதனி'ன்னு கை கட்டிகினு நிப்பேன். ஒரு டிராஃபிக் போலீஸ்காரரு என்னை நிறுத்தி, 'எந்த நாட்டுக்கும்மா தூதர்?'னு கேட்டாரு.

ஸ்ரீநாத்: என்ன சொன்னீங்க?

மதிவதனி: 'நெமிலிச்சேரிக்கு'ன்னேன். சல்யூட் அடிச்சி அனுப்பிட்டாரு.

ஸ்ரீநாத்: பசங்க எல்லாம் எங்கே? வீடே அமைதியா இருக்கு.

மதிவதனி: பட்டாபிராம்ல மேட்ச். நான்தான் காலைல கூட்டிகினு போய் வுட்டுட்டு வந்தேன். அவங்க இல்லாத நேரமா பாத்துத்தான் உங்களை ஒரு மணி நேரம் முன்னாடியே வரச் சொன்னேன். உங்க கிட்ட கொஞ்சம் சண்டை போடணும்.

ஸ்ரீநாத்: தீர்மானத்தைப் பத்தியா?

மதிவதனி: வேற எதுக்கு சார்? 'வாசல்லயே பேரு, ஊரு, ஆதார் நம்பர் வாங்கணும். இல்லன்னா உள்ள வுடக் கூடாது.' நீங்கதானே எழுதினீங்க?

ஸ்ரீநாத்: நான்தான் எழுதினேன். எல்லா இல்லத்துலயும் இருக்கிறதுதான் மேடம். நாம மட்டும்தான்...

ஞானம்மாள்: சண்டை அப்புறம் போடலாம். சோறு ஆறிப்பூடும். தம்பி, கை கழுவிகினு வா.

ஸ்ரீநாத்: இல்லம்மா, நான் சாப்பிட்டுட்டு...

ஞானம்மாள்: மணி அடிச்சவங்க சாப்புடாம போனதில்ல இந்த ஊட்ல. உக்காரு. தரைதான். பேன்ட் கசங்குமா?

ஸ்ரீநாத்: கசங்கட்டும்.

மதிவதனி: தோ, குண்டான். நீங்களே போட்டுக்கோங்க சார். இங்க யாரும் பரிமாற மாட்டாங்க.

ஸ்ரீநாத்: சரி, சரி...

மதிவதனி: அடேங்கப்பா! போன மீட்டிங்ல டயட்டுன்னு சொன்னீங்க, மலை மாதிரி போடறீங்களே... சார்... தட்டை இன்னாத்துக்கு என் பக்கம் தள்றீங்க?

ஸ்ரீநாத்: அது... லேடீஸ் ஃபர்ஸ்ட்.

மதிவதனி: ஓஹோ.

ஸ்ரீநாத்: என்ன ஓஹோ?

மதிவதனி: ஒண்ணுமில்ல. இந்த ஊட்ல ஒரு பழக்கம் கீது. தன் தட்டுல தானே போடணும்; போட்டதை எடது பக்கம் கீறவங்களுக்குத் தள்ளிடணும். அப்பதான் யாரும் கம்மியா போட மாட்டாங்க. பசியில வந்த புள்ளைங்களுக்குள்ள தட்டுச் சண்டை வரக் கூடாதுன்னு ஞானம்மா கொண்டாந்தது. நான் உங்களுக்கு எடது பக்கம் கீறேன். நீங்க கரெக்டா தள்ளிட்டீங்க. அதான் ஓஹோ.

ஸ்ரீநாத்: தற்செயல்.

மதிவதனி: தற்செயல்தான் சார். நான் வேற எதுவும் சொன்னேனா? இந்தாங்க, என் தட்டு உங்களுக்கு. சாப்புடுங்க.

ஞானம்மாள்: மோரு மொளகா வேணுமா தம்பி?

ஸ்ரீநாத்: குடுங்க... மேடம், தீர்மானத்துக்கு வருவோம். அதுல என்ன தப்பு சொல்லுங்க.

மதிவதனி: விடிஞ்சதும் நாங்களே எல்லாம் எழுதிடறோம் சார். சட்டப்படி எங்க சொல்லணுமோ அங்க சொல்றோம். வந்த அன்னிக்கு ராத்திரி மட்டும் பேரு கேக்கறதில்ல. ஒரே ஒரு ராத்திரி.

ஸ்ரீநாத்: அந்த ஒரு ராத்திரியிலதான் ஓடிப் போயிடறாங்க.

மதிவதனி: சில பேரு போவாங்க. கேட்டா, உள்ளயே வர மாட்டாங்க. ஊட்டை வுட்டு ஓடி வந்த புள்ள கிட்ட மொதல் வார்த்தையே 'உன் பேரு இன்னா, அப்பன் பேரு இன்னா'ன்னு கேட்டா, அது வந்த வழியே ஸ்டேஷனுக்குப் போய் படுத்துக்கும். நான் பாத்துகீறேன். நீங்க பாத்ததில்ல.

ஸ்ரீநாத்: பேர் தெரியாம எப்படிக் கூப்பிடுவீங்க?

மதிவதனி: அன்னிக்கு இன்னா சாப்புட்டாங்களோ, அதான் பேரு. புளிசோறு, ரசம், பூரி... பூரி இப்ப ஆவடில கடை வெச்சிகினு கீறான். கல்யாணப் பத்திரிகையிலயே 'பூரி என்கிற கௌதம்'னு போட்டான்.

ஸ்ரீநாத்: நீங்க?

மதிவதனி: சேமியா. என்னை ஆவடி ஸ்டேஷன்ல எடுத்தாங்க. அஞ்சு வயசு இருக்கும். மதிவதனின்னு ஸ்கூல்ல சேக்க வெச்ச பேரு. ஞானம்மாவுக்கு நான் இன்னும் சேமியாதான்.

ஞானம்மாள்: சேமியா கூட ஒழுங்கா திங்கல அன்னிக்கு. பாதியத் தலையில தேச்சிகினா.

மதிவதனி: இப்ப சொல்லு! பேனர்ல போட்டுடப் போறாங்க.

ஸ்ரீநாத்: கபடி எப்ப ஆரம்பிச்சீங்க?

மதிவதனி: பின்னாடி மண்ணு கீதே, அங்கதான். சாயந்திரம் ஆனா போதும், மொத்த வீடும் அங்கதான். புதுசா வந்த புள்ளயும் எறங்கணும். பொம்பளப் புள்ள, ஆம்பளப் புள்ள வித்தியாசம் கெடையாது. இன்னா புழுதி, இன்னா கத்தல்! பக்கத்து ஃபேக்டரில சங்கு ஊதறது கூட கேக்காது. ஆனா இந்த ஊட்டுக் கபடில 'கபடி கபடி'ன்னு பாடக் கூடாது.

ஸ்ரீநாத்: ஊர் பேரைப் பாடணும்.

மதிவதனி: ...ஆமா சார். ஊரு பேரைத்தான் பாடணும். யாரு சொன்னது உங்களுக்கு?

ஸ்ரீநாத்: ஏதோ... ஆண்டறிக்கையில படிச்சேன்.

மதிவதனி: அப்படியா. ஆண்டறிக்கையை அச்சுக்கு அனுப்பினதே நான்தான். சரி வுடுங்க, இருக்கும். சொந்த ஊரு, தெரு, எதுன்னாலும் சரி, ஒரே மூச்சுல பாடிகினு போய்த் தொட்டுட்டு வரணும். 'ஆரணி ஆரணி ஆரணி'ன்னு ஒருத்தன் எங்களை எல்லாம் காலி பண்ணுவான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் ஒருத்தன் பாவம், கோட்டைத் தாண்டறதுக்குள்ள மூச்சு பூடும்.

ஸ்ரீநாத்: ஹா ஹா... நீங்க என்ன பாடினீங்க?

மதிவதனி: எனக்கு ஏது ஊரு? 'சேமியா சேமியா'ன்னு பாடுவேன். அதுவே பழகிப் போச்சா... மொத மொத ஸ்டேட் மேட்ச்ல, நடுவரு விசில் ஊதினதும் 'சேமியா சேமியா'ன்னு எறங்கிட்டேன்.

ஸ்ரீநாத்: ஐயோ!

மதிவதனி: நடுவரு அப்படியே மெரண்டுட்டாரு. பாட்டு தப்புன்னு பாயின்ட்டை அவங்களுக்குக் குடுத்துட்டாரு. கோச்சு, 'பசிச்சா சொல்லேம்மா, டிபன் வாங்கித் தரேன்'ங்கறாரு.

ஞானம்மாள்: அன்னிக்கு ஊட்டுக்கு வந்து அழுத அழுகை கீதே! நான் சேமியா கிண்டி வெச்சி, அதையும் திங்க மாட்டேன்னுட்டா.

ஸ்ரீநாத்: சிரிச்சு சிரிச்சு புரையேறிடுச்சு... தண்ணி... போதும். மேடம், இதெல்லாம் கேக்க நல்லா இருக்கு. ஆனா நான் தீர்மானம் கொண்டு வந்ததுக்குக் காரணம் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன்...

மதிவதனி: தெரிஞ்ச ஒருத்தரா?

ஸ்ரீநாத்: சிநேகிதன். ஸ்கூல்ல கூடப் படிச்சவன். பிளஸ் டூல ஃபெயில் ஆனதும் ரயிலேறி மெட்ராஸ் வந்துட்டான். ரெண்டு நாள் சென்ட்ரல்ல கெடந்துட்டு, மூணாவது நாள் இந்த வீட்டுக்கு வந்தான். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

மதிவதனி: ஓ! இங்கயே வந்தாரா? இன்னா சாப்டாராம்?

ஸ்ரீநாத்: ரவா கிச்சடி. இஞ்சி தூக்கலா, முந்திரி இல்லாம.

மதிவதனி: நல்லா வெவரமா சொல்லி வெச்சிருக்காரு.

ஸ்ரீநாத்: அவன் கொஞ்சம் சாப்பாட்டுப் பிரியன். அது முக்கியமில்ல. அவங்க வீட்ல அவங்கம்மா மூணு நாளாப் பச்சத் தண்ணி குடிக்கல. அன்னிக்கு இந்த வாசல்ல யாராவது ஒருத்தர் 'உன் பேர் என்னப்பா'ன்னு கேட்டிருந்தா, அப்பவே ஊருக்கு ஒரு போன் போயிருக்கும். யாருமே கேக்கல. சோறு போட்டாங்க, ஆட விட்டாங்க, பாய் குடுத்தாங்க. அவன் விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஸ்டேஷனுக்குப் போயிட்டான். சென்ட்ரல் போய்ப் பம்பாய் வண்டி ஏறறதா பிளான்.

ஞானம்மாள்: போனாரா பம்பாய்க்கு?

ஸ்ரீநாத்: போகல. செருப்பு காணாம போயிடுச்சு.

மதிவதனி: செருப்பா?

ஸ்ரீநாத்: நெமிலிச்சேரி ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருந்தான். ஒரு பத்து நிமிஷம் கண்ணு அசந்துட்டான். முழிச்சுப் பாத்தா இடது கால் செருப்பைக் காணோம். அப்பா வாங்கிக் குடுத்த புதுச் செருப்பு. அதை விட்டுட்டு ஏற மனசில்ல. பிளாட்பாரம் பூரா தேடறான், வர்ற வண்டியெல்லாம் போயிட்டே இருக்கு. இந்த வீட்டுச் சின்னப் பொண்ணு ஒண்ணு வேற கூடவே தேடிட்டு இருந்துச்சாம். 'அங்க பாரு, இங்க பாரு'ன்னு அலைய விட்டுச்சாம்.

மதிவதனி: பாவம், நல்ல பொண்ணு. செருப்பை நாய் கீய் தூக்கிகினு போயிருக்கும்.

ஸ்ரீநாத்: இருக்கும். அப்படித் தேடிட்டு இருக்கும்போதே எங்கப்... அவங்கப்பா படியேறி வந்துட்டார். பஸ்ஸுல ராத்திரி பூரா வந்த சட்டையோட. அடிப்பார்னு நெனச்சான். அவர், 'ஒத்தச் செருப்போட ஏண்டா நிக்கிறே, கால் சுடலையா'ன்னு மட்டும் கேட்டார்.

ஞானம்மாள்: நல்ல மனுசன்.

ஸ்ரீநாத்: அதிர்ஷ்டம்மா. முழுக்க அதிர்ஷ்டம். இத்தனை பெரிய ஊர்ல அந்த ஸ்டேஷனுக்கே வந்திருக்கார். கேட்டா, 'பழனி முருகன் காட்டிக் குடுத்தான்'பார். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். முருகன் எல்லா அப்பாவுக்கும் காட்டிக் குடுப்பாரா? அதனாலதான் சொல்றேன். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு இல்லத்தை நடத்தக் கூடாது.

மதிவதனி: அவரு... உங்க சிநேகிதரோட அப்பா... நல்லா கீறாரா?

ஸ்ரீநாத்: போன வருஷம் தவறிட்டார். கடைசியா ஆஸ்பத்திரியில, 'நெமிலிச்சேரில ஒரு வீடு இருக்கு, அதுக்கு ஏதாவது செய்'னு சொன்னாராம். அவன் அந்த வீட்டைப் பத்தி அவர் கிட்ட ஒரு நாளும் பேசினதில்ல. அவருக்கு எப்படித் தெரியும்னு அவனுக்கு இன்னும் புரியல. அவனால நேர்ல வர முடியல... அதான், நான் போர்டுல சேந்தேன். அவன் சார்பா.

மதிவதனி: ஏன் வர முடியல?

ஸ்ரீநாத்: ஓடிப் போன பையன்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியாது மேடம். ஆபீஸ்ல அவனுக்குக் கீழ நூறு பேர் இருக்காங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவான்?

மதிவதனி: ஞானம்மா...

ஞானம்மாள்: வேணாம்டி சேமியா. சொல்லாதே.

மதிவதனி: சொல்லலன்னா அஞ்சு மணிக்குத் தீர்மானம் பாஸாயிடும். இவரு வாசிச்சா தலைவரு தலையாட்டிடுவாரு. நாளைலேருந்து வாசல்ல நோட்டோட ஒரு ஆளு நிப்பான். மணி அடிக்க ஒரு புள்ள வராது. அப்புறம் இந்த ரகசியத்தை வெச்சிகினு இன்னா பண்ணப் போறே?

ஸ்ரீநாத்: என்ன ரகசியம்?

ஞானம்மாள்: தம்பி... போர்டுல யாருக்கும் தெரியாது இது. வெளியில போகாதுன்னு சொன்னாத்தான் சொல்லுவேன்.

ஸ்ரீநாத்: போகாது.

ஞானம்மாள்: உன் சிநேகிதன் அன்னிக்கு சாயந்திரம் கபடி ஆடினானா?

ஸ்ரீநாத்: ஆடினா... ஆடினானாம்.

ஞானம்மாள்: இன்னா பாடினான்?

ஸ்ரீநாத்: ஒட்டன்சத்திரம்.

ஞானம்மாள்: அத்தோட நிறுத்தினானா? நல்லா யோசி.

ஸ்ரீநாத்: இல்ல... பசங்க எல்லாம் சின்னச் சின்ன ஊர் பேரா பாடினாங்க. அவனுக்கு ஒரு வீம்பு. 'ஒட்டன்சத்திரம் கந்தன் சைக்கிள் கடை'ன்னு முழுசா ஒரே மூச்சுல பாடறேன்னு...

மதிவதனி: பாடினான். மூஞ்சியெல்லாம் ரத்தமா செவந்து பூச்சு. நாலாவது 'சைக்கிள்'லயே மூச்சு வுட்டுட்டான். நான்தான் காலைப் புடிச்சி இழுத்தேன்.

ஸ்ரீநாத்: அவன் காலை இழுத்தது நீங்களா?

ஞானம்மாள்: அடுப்படி ஜன்னல்லேருந்து பாத்தா அந்த மண்ணு தெரியும் தம்பி. நான் சோறு வடிச்சிகினே காதைக் குடுத்துகினு நிப்பேன். அன்னிக்கு ஒட்டன்சத்திரம்னதும் சோத்தை இறக்கி வெச்சிட்டு அழகேசனோட டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். அந்தாளு நம்பர் விசாரிக்கிற 197-க்குப் போட்டு, கந்தன் சைக்கிள் கடை நம்பர் வாங்கிக் குடுத்தான். ரெண்டு ரிங்கு கூடப் போவல, எடுத்துட்டாரு உங்க... அந்த அப்பாரு. போன் மேலயே உக்காந்துகினு இருந்திருப்பாரு போல.

ஸ்ரீநாத்: என்ன சொன்னீங்க அவர் கிட்ட?

ஞானம்மாள்: 'உங்க பையன் கிச்சடி துன்னுட்டு ஆடிகினு கீறான். நெமிலிச்சேரி ஸ்டேஷன்ல எறங்குங்க'ன்னேன். அந்த மனுசன் ஒண்ணுமே பேசல. அழுதாரு. அப்புறம் 'ரெண்டாவது வாட்டி போட்டுக்கிட்டானா'ன்னு கேட்டாரு.

ஸ்ரீநாத்: அப்பா...

ஞானம்மாள்: அப்பவே சொல்லிட்டேன், 'உங்க புள்ளைக்கு இது எப்பவும் தெரியக் கூடாது'ன்னு. ஊரு பேரைப் பாட வெக்கிறது எதுக்குன்னு ஒரு புள்ளைக்குத் தெரிஞ்சாலும், அது அடுத்த புள்ளைக்கு சொல்லும். அப்புறம் எவன் பாடுவான்? சாமி மேல சத்தியம் பண்ணாரு.

மதிவதனி: கடைசி வரைக்கும் காப்பாத்திட்டாரு பாருங்க.

ஸ்ரீநாத்: எத்தனை பேருக்கு... இந்த மாதிரி?

ஞானம்மாள்: பேசப் பயப்படற புள்ள கூட பாடும் தம்பி. சோறு போட்டு ஆட வுட்டா போதும். அதுல அடி வாங்கி ஓடி வந்தது எது, கோச்சிகினு வந்தது எதுன்னு பாத்துத்தான் போன் போடுவேன். எல்லா ஊட்டுக்கும் போட மாட்டேன். உன் சிநேகிதன் அப்பா கடையையும் சேத்துப் பாடினான். அப்பன் மேல பாசம் இல்லாத புள்ள அவன் கடைப் பேரைப் பாடுமா?

ஸ்ரீநாத்: ஆனா அவன் விடியக்காலையில ஓடிட்டானே. அப்பா வர்றதுக்குள்ள வண்டி ஏறியிருந்தா?

ஞானம்மாள்: அதுக்குத்தான் இவளைப் பின்னாடியே அனுப்பினேன். 'எப்படியாச்சும் நிறுத்தி வை'ன்னேன். பதினொரு வயசுப் புள்ள, அவ்ளோ பெரிய பையனை எப்படி நிறுத்துவா? இவளே ஒரு வழி பண்ணிகினா.

மதிவதனி: ஞானம்மா, போதும். மோர் எடுத்துகினு வா.

ஸ்ரீநாத்: என்ன வழி?

மதிவதனி: அதான் நீங்களே சொன்னீங்களே சார். நாய் தூக்கிகினு போச்சு.

ஸ்ரீநாத்: மதிவதனி...

மதிவதனி: உங்க சிநேகிதர் கிட்ட சொல்லுங்க, அந்த நாய் மன்னிப்பு கேட்டுச்சுன்னு. ஐயோ, கார் சத்தம்! தலைவரு வந்துட்டாரு. கண்ணைத் தொடைங்க சார், மொளகா காரம்னு சொல்லிடலாம்.

மனோகரன்: என்னம்மா தூதர், ஒரு சிக்னல்ல உன் மூஞ்சியையே முக்கால் மணி நேரம் பாத்துட்டு வரேன்! அடடே, ஸ்ரீநாத், சாப்பாடே முடிஞ்சிட்டுதா? மத்த ரெண்டு பேரும் பின்னாலயே வராங்க. நீங்க தீர்மானத்தை வாசிச்சா நான் ஆமோதிச்சிடறேன். பேனா ரெடி.

ஸ்ரீநாத்: சார்... அந்தத் தீர்மானத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்.

மனோகரன்: வாபஸா? நேத்து ராத்திரி கூட போன்ல ஒரு மணி நேரம் எனக்குப் புரிய வெச்சீங்களேய்யா!

ஸ்ரீநாத்: இப்ப எனக்குப் புரிஞ்சிடுச்சு சார். வாசல்ல யாரும் பேர் கேக்க வேண்டாம்.

மனோகரன்: சரி, மினிட்ஸ்ல காரணம்னு ஏதாவது எழுதணுமே. என்ன காரணம்?

ஸ்ரீநாத்: அதை எழுத முடியாது சார்.

மனோகரன்: எழுத முடியாத காரணமா? என்னம்மா மதிவதனி, நான் வர்றதுக்குள்ள இவரை என்ன பண்ணினீங்க?

மதிவதனி: ஒண்ணும் பண்ணல சார். சோறு போட்டோம். அவ்ளோதான். இல்ல ஸ்ரீநாத் சார்?

ஸ்ரீநாத்: நான் அப்புறம் சொல்றேன் சார், ஒரு நிமிஷம் இருங்க... ஏய் சேமியா, என் இடது கால் செருப்பை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?